பாட்டு லப்டொப்பில், பட்டன் மேடையில்: எந்தக் கருவியை மாட்டுவது?

லப்டொப்பில் பாட்டு இருக்கிறது. அதைத் தொடக்கி நிறுத்த வேண்டியவர் லப்டொப்புக்கு முன்னால் இல்லை. சிக்கல் இவ்வளவுதான். பரத வகுப்பில் ஆசிரியை தட்டுக்கழியும் கையுமாகத் தரையில் இருக்கிறார், அதே சரணத்தை இன்னொரு தடவை போட வேண்டும். பாடசாலை நாடகத்தில் நடிகர் கை ஓங்குகிற கணத்தில் இடிச் சத்தம் விழ வேண்டும். மேடை நன்றாகத் தெரிவது பக்கத்திரையிலிருந்து, லப்டொப்போ மண்டபத்தின் பின்பக்கம் மிக்ஸர் மேசையில். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் ஓய்ந்ததும் தேவாரம் எழ வேண்டும், நடுவில் அறிவிப்பு வந்தால் தேவாரம் தணிய வேண்டும்.

இதற்குக் கடையில் வாங்கக்கூடியதும் கையால் செய்யக்கூடியதுமாக அரை டசின் வழி உண்டு: யூ.எஸ்.பி நம்பர் பேட், ஸ்லைட் மாற்றும் ரிமோட், மிடி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) பலகை, ஆர்டுயினோ என்ற சிறு நிரலாக்கப் பலகையில் நாமே பொருத்தும் பட்டன், கேம் பேட், கையிலிருக்கும் போன். விலையை வைத்து வரிசைப்படுத்துவதுதான் வழக்கம். அந்த வரிசை உதவாது. முதலில் இரண்டைக் கேளுங்கள். பட்டனை அமுக்கினால் அந்தச் செய்தி பாட்டு மென்பொருளுக்கே போகிறதா, இல்லை திரையில் எந்தச் சாளரம் முன்னால் நிற்கிறதோ அதற்குப் போகிறதா? வயர் கழன்று திரும்ப மாட்டினால் தானாகச் சேர்ந்துகொள்கிறதா, இல்லை மென்பொருளை மூடித் திறக்க வேண்டுமா? கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விக்கான விடைகள்தான்.

நம்பர் பேட்

டிரைவர் வேண்டாம். பதினேழு, பதினெட்டு பட்டன் இருக்கும். கழற்றி மாட்டினால் ஓரிரு செக்கனில் தானாக எழும்பிவிடும். இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேறு எந்தக் கருவியிடமும் இல்லை. முதலாவதில்தான் சறுக்குகிறது. இயங்குதளத்தின் கண்ணுக்கு இது இன்னொரு கீபோட். எழுத்து முன்னால் நிற்கும் சாளரத்துக்கே போகும். பாட்டு மென்பொருளுக்கு மேல் வாட்ஸ்அப் திறந்திருந்தால், நீங்கள் 5-உம் என்டரும் அமுக்கியது யாருக்கோ செய்தியாகப் போய்ச் சேரும்; மேடையில் இடி விழாது.

தீர்வு, கணினி முழுவதற்குமான குறுக்குவிசை. விண்டோஸில் ஒரு மென்பொருள் ஒரு விசையைத் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். அதன் பிறகு எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும் அந்த விசை அதற்குத்தான் வரும். வி.எல்.சி.யின் அமைப்புகளில் ஒவ்வொரு செயலுக்கும் சாதாரண விசை, பொது விசை என்று இரண்டு கட்டம் இருப்பது இதற்காகத்தான். பைதன் மொழியில் நீங்களே நிரல் எழுதுவதானால் பைன்புட் (pynput) நூலகம் பின்னணியிலிருந்தே விசைகளைக் கவனிக்கும். லினக்ஸில் இன்னும் நல்ல வழி இருக்கிறது: அந்த ஒரு நம்பர் பேட்டை மட்டும் எவ்டெவ் (கருவிகளை நேரே வாசிக்கும் லினக்ஸ் வழி) மூலம் உங்கள் மென்பொருள் பிடித்துவைத்துக்கொள்ளலாம், வேறு எதற்கும் அது கீபோட்டாகத் தெரியாது. இதற்குப் பயனர் கணக்கு உள்ளீட்டுக் குழுவில் (input) சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலண்டில் பைன்புட் எல்லா விசையையும் கேட்கும் என்று நம்பிவிடாதீர்கள்; அங்கே எவ்டெவ்தான் சரி.

விண்டோஸில் இரண்டு கீபோட்டைப் பிரித்தறிவது அவ்வளவு இலகுவல்ல. லப்டொப்பிலேயே எண் பகுதி இருந்தால் இரண்டு 5-உம் ஒன்றுதான். நம்லொக் (Num Lock) அணைந்தால் 5 இல்லாமல் போய், 4-உம் 6-உம் அம்புக்குறி ஆகிவிடும். ஆகவே விசைகளை விருப்பப்படி நிரலாக்கக்கூடிய சிறு மெக்ரோ பேட் கிடைத்தால் அதையே எடுங்கள். எஃப் 13 முதல் எஃப் 24 வரை பன்னிரண்டு விசைகள் விண்டோஸுக்குத் தெரியும், ஆனால் சாதாரணக் கீபோட் எதிலும் அவை கிடையாது. மெக்ரோ பேட்டின் பட்டன்களை அவற்றுக்கு மாற்றிவிட்டால் வேறு விசையோடு மோதல் வராது. முன்னால் எந்தச் சாளரம் இருந்தாலும் எழுத்தும் விழாது.

இன்னும் இரண்டு விடயம். விசையை அமுக்கிப் பிடித்தால் அது திரும்பத் திரும்ப வரும், செக்கனுக்கு முப்பது தடவை வரை. ‘அடுத்தது’ பட்டனில் பதற்றத்தில் விரல் தங்கினால் பட்டியல் கடைசிக்கு ஓடிவிடும். விரல் எடுபட்ட பிறகே அடுத்த அமுக்கலை ஏற்கும்படி மென்பொருள் இருக்க வேண்டும். மற்றது வயர் நீளம். நம்பர் பேட்டுகள் பெரும்பாலும் யூ.எஸ்.பி.யின் மெதுவான வேகத்தில் ஓடுபவை. அந்த வேகத்துக்கு வரையறுத்த நீளம் 3 மீற்றர். பக்கத்திரையிலிருந்து மிக்ஸர் மேசைக்கு 20 மீற்றர் என்றால் சாதாரண நீட்டிப்பு வயர்களை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு போவது வேலைக்காகாது. அதற்கு வேறு வழி, கீழே.

ஸ்லைட் ரிமோட்டும் ஊடக விசைகளும்

பவர்பொயின்ட் ரிமோட் உண்மையில் இரண்டு மூன்று விசை மட்டும் உள்ள கீபோட். பேஜ் அப், பேஜ் டவுன் அனுப்பும். ‘அடுத்த பாட்டு’ மட்டும் வேண்டுமென்றால் போதும். ஆனால் வயரில்லாத கருவிகள் மின்கலத்தைச் சேமிக்கத் தூங்கிவிடும். இருபது நிமிட உரைக்குப் பிறகு அமுக்கும் முதல் அமுக்கல் சிலவற்றில் கருவியை எழுப்புவதோடு சரி. புளூடூத் வகையில் இது இன்னும் மோசம். 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிள் (யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு வாங்கி) வகை பரவாயில்லை, டொங்கிளை லப்டொப்பின் பின்பக்கத்தில் ஒளித்துவைக்காமல் சிறு நீட்டிப்பு வயரில் மேசைக்கு மேலே எடுத்துவைத்தால்.

கீபோட்டில் இருக்கும் ‘இயக்கு/நிறுத்து’ ஊடக விசையை மேடை வேலைக்கு நம்ப வேண்டாம். விண்டோஸ் அதைக் கடைசியாக ஒலி கொடுத்த மென்பொருளுக்குத் தரும். பின்னால் குரோமில் ஒரு யூடியூப் பக்கம் திறந்திருந்தால் அது பாடத் தொடங்கலாம். அதைவிடப் பெரிய குறை, ஒரே விசை இரண்டு வேலை செய்வது. பாட்டு ஓடுகிறதா இல்லையா என்று தெரியாத நேரத்தில் அமுக்கினால் நினைத்ததற்கு எதிர்மாறாக நடக்கும். எந்தக் கருவியை எடுத்தாலும் ‘தொடங்கு’ ஒரு பட்டன், ‘நிறுத்து’ வேறு பட்டன் என்று பிரித்துவையுங்கள். நின்றிருக்கும்போது ‘நிறுத்து’ ஐந்து தரம் அமுக்கினாலும் நட்டமில்லை.

மிடி

1983இல் வந்த ஒழுங்குமுறை இன்றைக்கும் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. மிடி செய்தி எந்தச் சாளரத்துக்கும் எழுத்தாகப் போவதில்லை. அந்த வாயிலைத் திறந்துவைத்திருக்கும் மென்பொருளுக்கு மட்டும் போகும். பட்டனுக்கு அமுக்கல், விடல் இரண்டும் தனித்தனியே வரும், தானாகத் திரும்பத் திரும்ப வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்லைடர் இருக்கிறது. நம்பர் பேட்டில் ஒலியை மெல்லத் தணிக்க முடியாது, படிப்படியாக வெட்டத்தான் முடியும். தேவாரத்தை அறிவிப்புக்கு அடியில் இறக்கி ஏற்ற வேண்டியவருக்கு இந்த ஒன்றே போதிய காரணம்.

கோர்க் நானோகொன்ட்ரோல் 2இல் எட்டு ஸ்லைடரும் எட்டுக் குமிழும் பட்டன்களும் உண்டு. அகாய் எல்.பி.டி 8இல் எட்டுத் தட்டுப்பாளமும் எட்டுக் குமிழும். தட்டுப்பாளம் விரலின் விசையை அளக்கும். மெதுவாகத் தொட்டால் செய்தி வராமலே போகலாம். இருட்டில் நிற்கும் நாடகக்காரருக்குச் சொடுக்கென்று அமரும் பட்டனே நல்லது. இவை இங்கே திருகோணமலைக் கடைகளில் எப்போதும் இருக்கும் சாமான் அல்ல. கொழும்பிலிருந்து வரவழைக்கும் நாட்களைக் கணக்கில் வையுங்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன் வீட்டைப் பாருங்கள். பிள்ளை சங்கீதம் பழகுகிற வீட்டில் கசியோ, யமஹா கீபோட் ஒன்று இருக்கும். பின்பக்கம் சதுர யூ.எஸ்.பி வாயில் இருந்தால் பெரும்பாலும் அது மிடி அனுப்பும். பிரின்டர் வயர் ஒன்று போதும். கீபோட்டின் சொந்தச் சத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு, இடப்பக்கக் கடைசி ஸ்வரத்தில் முதல் பாட்டு, அடுத்ததில் இரண்டாவது என்று வைத்துக்கொள்ளலாம். நடன ஆசிரியைக்கு இதில் இன்னொரு வசதி: சஸ்டெய்ன் பெடல். அதை மிதித்தால் கட்டுப்பாட்டு எண் 64இல் செய்தி வரும். மதிப்பு 64 அல்லது அதற்கு மேலானால் மிதித்தது, 63க்குள் என்றால் விட்டது. மிதித்தால் பத்து செக்கன் பின்னால் போ என்று மென்பொருளில் எழுதிவிட்டால் தட்டுக்கழியைக் கீழே வைக்கவே தேவையில்லை. பல கீபோட்டுகள் மின் போடும் நேரத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதை ‘விட்ட நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். பெடலில் கால் இருக்க சுவிட்சைப் போட்டால் எல்லாம் தலைகீழாகும். ஒருமுறை அணைத்து, காலை எடுத்துவிட்டுப் போட்டால் சரி.

மென்பொருள் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை. ஸ்வரம் தொடங்கும் செய்தியிலேயே தட்டிய வேகம் (velocity) 0 என்று வந்தால் அது விட்டதற்கான செய்தி. பல கீபோட்டுகள் இப்படித்தான் அனுப்பும். இதைப் பார்க்காமல் விட்டால் ஒவ்வொரு தட்டலும் இரண்டு தடவை பாட்டைத் தொடக்கும். சில கருவிகள் ‘உயிரோடிருக்கிறேன்’ என்று செக்கனுக்கு மூன்று தடவை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்; அவற்றைத் தள்ளிவிட வேண்டும். பைதனில் மிடோ நூலகத்தின் அழைப்பு வேறு இழையில் வருகிறது. அதற்குள் கோப்பைத் திறக்கவோ திரையை மாற்றவோ போகாதீர்கள். செய்தியை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்புங்கள், மீதியை முதன்மை இழை பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்லைடருக்கு 0 முதல் 127 வரை 128 படிதான். அதை நேரே ஒலியளவாக வைத்தால் பாதிக்கு இறக்கியும் 6 டெசிபல்தான் குறைந்திருக்கும், கடைசிச் சில படிகளில் திடீரென்று விழும். மதிப்பை 127ஆல் வகுத்து மும்மடியாக்குங்கள், அதாவது அந்த எண்ணை அதே எண்ணால் இரண்டு தரம் பெருக்குங்கள். பாதியில் 18 டெசிபல் குறையும், கைக்கும் காதுக்கும் ஒத்துப்போகும். ஒவ்வொரு படிக்கும் 30 மில்லி செக்கன் போல வழுக்கி நகர்த்தினால் கரகரப்பும் கேட்காது. மென்பொருள் தொடங்கும்போது ஸ்லைடர் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஸ்லைடர் இப்போதைய ஒலியளவைத் தாண்டும் வரை அதைச் செல்லாததாக வையுங்கள். இல்லாவிட்டால் முதல் அசைவில் ஒலி குதிக்கும்.

மிடியின் பலவீனம் இரண்டாவது கேள்வியில். வயர் கழன்று மாட்டினால் பெரும்பாலான மென்பொருள்கள் தாமாகத் திரும்பச் சேராது. நீங்கள் எழுதுவதானால் ஓரிரு செக்கனுக்கு ஒரு தடவை வாயில் பட்டியலைப் பார்த்து, காணாமற்போனது திரும்பி வந்ததும் புதிதாகத் திறக்க வேண்டும். எண்ணை வைத்துத் தேடாமல் பெயரை வைத்துத் தேடுங்கள். விண்டோஸ் 10இல் வழக்கமான மிடி டிரைவரோடு ஒரு வாயிலை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்கலாம். ‘வாயில் கிடைக்கவில்லை’ என்று வந்தால் முன்பு சோதித்த மென்பொருள் எங்கோ திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். மக்கிலும் லினக்ஸிலும் இந்தத் தொல்லை இல்லை.

எழுத விருப்பமில்லாதவருக்கு: மக் இருந்தால் கியூலேப், லினக்ஸ் என்றால் லினக்ஸ் ஷோ பிளேயர், இரண்டுமே மேடைக்காகச் செய்தவை, மிடியை ஏற்பவை. விண்டோஸில் ரீப்பர் என்ற ஒலி மென்பொருளின் செயல் பட்டியலில் ஒரு செயலைத் தெரிவுசெய்து மிடி பட்டனை அமுக்கினால் அது அதைக் கற்றுக்கொள்ளும்.

ஆர்டுயினோ வகைப் பலகை

பட்டன் பெரிதாக வேண்டும், இருபது மீற்றர் தள்ளி வேண்டும், காலால் மிதிக்க வேண்டும் என்றால் நாமே செய்வதுதான் வழி. இங்கே முதல் தீர்மானம் எந்தப் பலகை என்பது. வழக்கமான யூனோவை (ஆர் 3) வாங்கினால் அது கணினியோடு சீரியல் வாயிலில்தான் (விண்டோஸில் கொம் வாயில்) பேசும். லியோனார்டோ, ப்ரோ மைக்ரோ இரண்டிலும் இருக்கும் ஏ.டி மெகா 32 யூ 4 சிப் தானே கீபோட்டாகவோ மிடி கருவியாகவோ நடிக்கும். பாடசாலைகளிலும் கடைகளிலும் யூனோதான் அதிகம் கைக்கு வருவதால் பலர் அதிலேயே தொடங்குகிறார்கள். மேடைக்கு அது மூன்றாம் தெரிவு.

ஏன்? சீரியல் வாயிலைத் திறந்தவுடன் யூனோ மீளத் தொடங்கும், ஏறக்குறைய இரண்டு செக்கன் எதையும் கேட்காது. ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபரட் கொண்டென்சர் போட்டால் நிற்கும், ஆனால் நிரல் ஏற்றும்போது அதைக் கழற்ற வேண்டும். சி.எச் 340 சிப் உள்ள மலிவுப் பலகைகளுக்குத் தொடர் எண் இல்லை. வேறு யூ.எஸ்.பி வாயிலில் மாட்டினால் விண்டோஸ் வேறு கொம் எண் கொடுத்துவிடும். ஒத்திகையில் கொம் 4, விழா அன்று கொம் 7, மென்பொருள் வாய் பொத்தி நிற்கும். லினக்ஸில் டயல்அவுட் குழு அனுமதி வேண்டும். இவ்வளவும் சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் 32 யூ 4 பலகையில் மிடி யூ.எஸ்.பி நூலகத்தைப் போட்டால் இதில் எதுவுமே எழாது. டிரைவர் வேண்டாம், எண் மாறாது, எழுத்து விழாது, ஏற்கனவே மிடி தெரிந்த எந்த மென்பொருளும் ஏற்கும். செய்வதானால் இதைத்தான் செய்யச் சொல்வோம்.

ப்ரோ மைக்ரோவில் ஒரு குறை பிரசித்தம்: மைக்ரோ யூ.எஸ்.பி வாய் பலகையோடு பலமாக ஒட்டியிருக்காது. யாராவது வயரில் கால் தடுக்கினால் செப்புத் தடத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். பெட்டிக்குள் வைத்து, வாயைச் சுற்றிச் சூட்டுப் பசை வைத்து, வயரைப் பெட்டிச் சுவரில் ஒரு கட்டுப் போட்டு இழுவிசை பலகைக்கு வராமல் பாருங்கள்.

இணைப்பு எளிது. பட்டனின் ஒரு கால் பலகையின் ஒரு பின்னுக்கு (pin), மறு கால் கிரவுண்டுக்கு, நிரலில் உள் இழுப்பு மின்தடையை (pull-up) இயக்கிவிட வேண்டும். இது மேசைக்கு மேல் போதும். திருகோணமலைக்குப் போதாது. நகரத்துக்கு ஒருபுறம் உள்துறைமுகம், மறுபுறம் திறந்த கடல். கோணேசர் கோயில் மலையில் காற்று நேரே அலையிலிருந்து வருகிறது. உப்பு ஈரம் படிந்த தொடுமுனையில் மெல்லிய படலம் கட்டும். அந்த உள் மின்தடை 20 முதல் 50 கிலோஓம் வரை. 5 வோல்டில் அது 0.1 முதல் 0.25 மில்லி அம்பியரைத்தான் விடும், அந்த ஓட்டத்துக்குப் படலத்தைத் துளைக்கப் பலமில்லை. வாங்கிய புதிதில் நன்றாக இருந்த பட்டன் ஒரு வாடைக்காலம் கழிந்ததும் மூன்று தரம் அமுக்கினால் ஒரு தரம் எழும்பும். மென்பொருளில் பிழை தேடி இரவு போகும். பின்னுக்கும் 5 வோல்டுக்கும் இடையே 1 கிலோஓம் மின்தடை ஒன்றை வெளியே வைத்தால் 5 மில்லி அம்பியர் ஓடும், தொடுமுனை தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும். பணம் இருந்தால் நீர் புகாத, மூடிய வகைப் பட்டன் எடுங்கள். திறந்த சிறு தட்டுச் சுவிட்ச் வேண்டாம்.

தூரத்துக்கு: யூ.எஸ்.பி.யை நீட்டாதீர்கள், பட்டனின் வயரை நீட்டுங்கள். பலகை லப்டொப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நெட்வேர்க் கேபிளில் நாலு சோடி முறுக்கு வயர் இருக்கிறது. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று பட்டனுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. நாலு பட்டன், 20 மீற்றர், தாராளம். பலகைப் பக்க முனையில் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் 100 நானோஃபரட் கொண்டென்சர். மேடை விளக்கின் டிம்மர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். 230 வோல்டை வெட்டி வெட்டி அனுப்பும் டிம்மர் பக்கத்தில் ஓடினால் யாரும் தொடாமலே பட்டன் அமுங்கும். குறுக்கே தாண்டவேண்டி வந்தால் செங்குத்தாகத் தாண்டட்டும். பட்டன் பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்புப் பெட்டியில் கிரவுண்டைத் தொடுத்து அதை மேடைச் சட்டத்தில் பொருத்தினால் ஸ்பீக்கரில் 50 ஹேர்ட்ஸ் உறுமல் நுழைய ஒரு கதவு திறந்துவிட்டதாகும். ஆயத்த மிடி கருவியையே தூரத்தில் வைக்க வேண்டுமென்றால் பழைய ஐந்து பின் மிடி கேபிள் 15 மீற்றர் வரை போகும், மின் தொடர்பில்லாமல் ஒளியால் செய்தியைக் கடத்தும் ஒளி இணைப்பி உள்ளே இருப்பதால் இந்த உறுமலும் அதில் வராது.

பட்டனின் தொடுமுனை அமரும்போது சில மில்லி செக்கன் துள்ளும். குறுகிய வயரில் முதல் தொடுகையையே ஏற்றுக்கொண்டு அடுத்த 25 மில்லி செக்கனுக்குக் காதைப் பொத்திக்கொள்வது நல்லது, தாமதமே இல்லை. நீண்ட வயரில் 5 மில்லி செக்கன் தொடர்ந்து அமுங்கியிருந்தால் மட்டும் ஏற்பது நல்லது, டிம்மரின் குத்து அதைத் தாண்டாது. இது வேறு, மனிதர் பதற்றத்தில் இரண்டு தரம் அமுக்குவது வேறு. ‘அடுத்தது’ பட்டனுக்கு மட்டும் அரை செக்கன் பூட்டுப் போடுங்கள்.

கேம் பேட், போன், ராஸ்பெரி பை

கேம் பேட் வீட்டில் கிடந்தால் மோசமில்லை. விண்டோஸில் எக்ஸ் இன்புட் வழியாக, சாளரம் முன்னால் இல்லாவிட்டாலும் வாசிக்கலாம்; பைகேமில் எழுதினால் பின்னணி நிகழ்வுகளை அனுமதிக்கும் அமைப்பைத் தொடக்கத்திலேயே போட வேண்டும். பேட்டின் ட்ரிகர் (சுட்டுவிரலால் இழுக்கும் விசை) 0 முதல் 255 வரை தருவதால் ஒலியைத் தணிக்கவும் உதவும். ஆனால் விட்டவுடன் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும் ஒன்றை ஒலியளவுக்கு வைப்பது வகுப்பறையோடு நிற்கட்டும்.

போனில் ஓ.எஸ்.சி (ஒலிக் கட்டளைகளை நெட்வேர்க்கில் அனுப்பும் முறை) செயலி போட்டு வைஃபையில் இயக்குவது பார்க்க அழகு. திரையில் பாட்டின் பெயரே பட்டனாக வரும், சவுண்ட்காரர் மண்டபம் முழுக்க நடந்து கேட்டுக்கொண்டே ஒலியளவைச் சரிசெய்யலாம். அந்த ஒத்திகை வேலைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. நிகழ்ச்சி நேரத்தில் கதை வேறு. ஓ.எஸ்.சி வழக்கமாக யூ.டி.பி.யில் போகிறது, பொதி தொலைந்தால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வெறும் மண்டபத்தில் சரியாக ஓடியது, முந்நூறு பேர் முந்நூறு போனோடு வந்து உட்கார்ந்ததும் தடுமாறும். திரை அணைந்தால் போன் வைஃபையையும் அரைத் தூக்கத்தில் வைக்கும். கட்டாயம் இதுதான் என்றால் தனி ரௌட்டர், 5 கிகாஹேர்ட்ஸ், இணையம் இல்லாமல், மேடைக்கு நேரே தெரியும் இடத்தில். ‘தொடங்கு’, ‘நிறுத்து’ இரண்டையும் மூன்று தரம் அனுப்பி, மென்பொருளில் ஒரே வரிசை எண்ணை ஒரு தரம் மட்டும் ஏற்கச் செய்யுங்கள்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் பட்டனும் பாட்டும் ஒரே பெட்டிக்குள். கோயிலில் தினமும் அதிகாலை ஒரே வேலை செய்ய இது பொருத்தம். பின்கள் 3.3 வோல்டுக்குரியவை, 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும். பை 4 வரையான ஹெட்போன் துளையின் தரம் பெரிய ஸ்பீக்கருக்குப் போதாது, பை 5இல் அந்தத் துளையே இல்லை, யூ.எஸ்.பி ஒலி அட்டை ஒன்று வைக்க வேண்டும். கரண்ட் திடீரென்று போனால் எஸ்.டி அட்டை கெடக்கூடும், ஆகவே அட்டையை வாசிக்க மட்டும் என்ற நிலையில் வைக்கும் ஓவர்லே அமைப்பை இயக்கிவிடுங்கள்.

தாமதம் உண்மையில் எங்கே இருக்கிறது

கருவிகளை ஒப்பிடும்போது பலர் மில்லி செக்கனைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். ஐந்து பின் மிடி கேபிளில் மூன்று பைட் செய்தி 0.96 மில்லி செக்கனில் போய்விடும். 9600 வேகச் சீரியலில் ஒரு பைட்டுக்கு 1 மில்லி செக்கன். நம்பர் பேட்டை விண்டோஸ் 8 அல்லது 10 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை விசாரிக்கும். இவை எதுவும் காதுக்குத் தெரியாது. ஸ்பீக்கரிலிருந்து 17 மீற்றர் தள்ளி இருப்பவருக்கு ஒலி காற்றில் வரவே 50 மில்லி செக்கன் ஆகும்.

தாமதம் பாட்டுப் பக்கத்தில் இருக்கிறது. 44,100 மாதிரி வேகத்தில் 512 மாதிரி இடையகம் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம்) என்றால் 11.6 மில்லி செக்கன், 4096 என்றால் 93. புளூடூத் ஸ்பீக்கர் இதற்கு மேல் நூறு இருநூறு சேர்க்கும். இடிச் சத்தத்துக்கு அது ஆகவே ஆகாது. எம்.பி 3 கோப்பின் தொடக்கத்தில் குறியாக்கத்தாலேயே ஒரு சிறு வெற்றிடம் சேர்கிறது, பாட்டை வெட்டியவர் விட்ட அரை செக்கன் மௌனம் அதைவிடப் பெரிது. ஒலியை வெட்டும் ஓடாசிட்டி மென்பொருளில் திறந்து அலை தொடங்கும் இடத்துக்கு 10 மில்லி செக்கன் முன்பாக வெட்டி, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். குறுகிய சத்தங்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றுங்கள். நாலு நிமிடப் பாட்டே 42 மெகாபைட்தான், இன்றைய லப்டொப்புக்கு அது பெரிய சுமை அல்ல.

கருவியால் அல்லாமல் வரும் தவறுகளில் அதிகம் கண்ணில் படுவது இது: பட்டனை அமுக்கினால் திரையில் பாட்டு ஓடுகிறது, ஒலி அலை ஆடுகிறது, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. கடைசி நேரத்தில் யாரோ புரொஜெக்டரின் எச்.டி.எம்.ஐ வயரை மாட்டியிருப்பார்கள். விண்டோஸ் ஒலியைப் புரொஜெக்டருக்கு மாற்றியிருக்கும். மென்பொருளில் ‘இயல்பு ஒலிக்கருவி’ என்று விடாமல் யூ.எஸ்.பி ஒலி அட்டையின் பெயரையே தெரிவுசெய்து வைத்தால் இது நடக்காது.

கரண்ட் போவதையும் நினைத்து வையுங்கள். மிக்ஸரும் அம்பிளிஃபையரும் அணையும், லப்டொப் மின்கலத்தில் தொடர்ந்து ஓடும், பாட்டும் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். ஜெனரேட்டர் பிடித்ததும் பாட்டின் நடுப்பகுதி முழுச் சத்தத்தில் வெடிக்கும். ஆகவே ‘நிறுத்து’ பட்டனுக்குப் பக்கத்தில் ‘இதே பாட்டைத் தொடக்கத்திலிருந்து’ என்று ஒரு பட்டன் கட்டாயம். அதேபோல் கருவியின் இணைப்பு அறுந்தால் பாட்டு நிற்கக்கூடாது. ஓடுவது ஓடட்டும், திரையில் மட்டும் சிவப்பு விளக்கு எரியட்டும்.

ஆகவே எதை

நடன வகுப்புக்கு: வீட்டு இசை கீபோட்டும் பெடலும் இருந்தால் செலவே இல்லை. இல்லாவிட்டால் எஃப் 13 வகை விசை அனுப்பும் மெக்ரோ பேட். தரையில் மிதிக்க வேண்டுமென்றால் ப்ரோ மைக்ரோவும் ஒரு தையல் மெஷின் வகைப் பெடலும். ஆனால் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடல் அல்ல, வெறும் சுவிட்ச் மட்டும் உள்ளது.

பாடசாலை நாடகத்துக்கு: லப்டொப் பக்கத்தில் 32 யூ 4 பலகை, மிடி மொழி, நெட்வேர்க் கேபிளில் நாலு பட்டன். பச்சை ‘அடுத்தது’, சிவப்பு ‘நிறுத்து’, மஞ்சள் ‘மெல்லத் தணி’, நாலாவது ‘மறுபடி’. செய்ய ஆளில்லையென்றால் லப்டொப்பை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நம்பர் பேட்டை மாட்டி, ஒலியை எக்ஸ்.எல்.ஆர் கேபிளில் மிக்ஸருக்கு அனுப்புங்கள். லப்டொப்பின் ஒலியை அந்த நீண்ட கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் டி.ஐ பெட்டி ஒன்றும் தேவைப்படும். அந்தக் கேபிள் எப்படியும் சவுண்ட்காரரிடம் இருக்கும்.

திருவிழாவுக்கு: ஸ்லைடர் உள்ள மிடி பலகை, லப்டொப்புக்குப் பக்கத்திலேயே. இங்கே தூரம் பிரச்சினை அல்ல, தணிப்பதுதான் வேலை. விபூதித் தூளும் சாம்பிராணிப் புகையும் ஸ்லைடர் பிளவுக்குள் இறங்கும். பயன்படுத்தாத நேரம் மேலே துணி போட்டு மூடிவையுங்கள்.

எதைத் தெரிவுசெய்தாலும் ஒரு நம்பர் பேட்டை உதிரியாக அதே லப்டொப்பில் மாட்டியே வைத்திருங்கள். மிடியும் கீபோட்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில் எந்த மோதலும் இல்லை. முதன்மைக் கருவி நடுவில் செத்தால் விரலை நகர்த்தினால் போதும். நம்பர் பேட்டில் ‘அடுத்தது’ என்டர் விசையில் இருக்கட்டும், அதுதான் இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய பெரிய விசை. ‘நிறுத்து’ அதிலிருந்து எட்ட, 7இல். மற்ற விசைகளின் மூடிகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.